மூளை தயார், எஞ்சின்?

2025 நவம்பர் இறுதியில், துருக்கியின் சினோப் கரைக்கு அப்பால் கருங்கடல் மேல் ஒரு விமானம் இன்னொரு விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. சுட்டதிலும் விமானி இல்லை, விழுந்ததிலும் இல்லை. பாய்கார் நிறுவனத்தின் ‘கிசிலெல்மா’ என்ற ஜெட் ட்ரோன், தன் மூக்கில் பொருத்திய முராத் ரேடாரால் இலக்கைக் கண்டுபிடித்து, ‘கோக்தோவான்’ ஏவுகணையால் அடித்தது. இலக்கு, பயிற்சிக்கென்றே பறக்கவிடப்படும் சிறிய ஜெட். உயிருக்குப் பயந்து குட்டிக்கரணம் போடாது, திருப்பிச் சுடாது. இதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் சாதனை சாதனைதான்.

இதே நிறுவனத்தின் பழைய ட்ரோனான பய்ரக்தார் டிபி2, 2020 நகோர்னோ-காராபாக் போரில் பெயர் வாங்கியது. அதில் இருப்பது சின்ன விளையாட்டு விமானங்களுக்குப் போடும் 100 குதிரைத்திறன் சொச்சமுள்ள பிஸ்டன் எஞ்சின். நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டும் காரின் வேகம்தான், மணிக்கு 130 கிலோமீட்டர். ஆனால் ஒரு தடவை ஏறினால் 24 மணி நேரத்துக்கு மேல் இறங்காது. எதிரியிடம் ஒழுங்கான ரேடாரும் ஏவுகணையும் இல்லாதவரை இது போதும். உக்ரைனில் 2022-ன் தொடக்கத்தில் வெளுத்துக்கட்டிய டிபி2, ரஷ்யா தன் வான்பாதுகாப்பை ஒழுங்குபடுத்திக்கொண்டதும் போர்முனையில் அரிதாகிப்போனது.

வேகம் வேண்டுமென்றால் ஜெட் வேண்டும். ஒலி வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை போகும்படி கிசிலெல்மாவை வடிவமைத்திருக்கிறார்கள். இதற்குக் கொடுக்கும் விலை, பறக்கும் நேரம். நாள் கணக்கு போய் சில மணி நேரம் என்றாகிவிடுகிறது.

முதன்முதலில் அது தரையை விட்டது 2022 டிசம்பர் 14 அன்று, சோர்லு நகரில். நீளம் 14.7 மீட்டர், இறக்கை 10 மீட்டர், சுமக்கும் ஆயுதம் ஒன்றரை டன். உடம்பைப் பார்த்தால் ரேடாருக்குச் சிக்காத வடிவம். ஆயுதங்களில் ஒரு பகுதியை வயிற்றுக்குள்ளேயே ஒளித்துக்கொள்ளும். ஆனால் மூக்குக்குப் பின்னால், பிரதான இறக்கைக்கு முன்பாக, இரண்டு குட்டி இறக்கைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. ரேடாரிடமிருந்து ஒளிய நினைப்பவர்கள் பொதுவாக இவற்றை விரும்புவதில்லை. துருக்கியர் வைத்ததற்கு ஒரு கப்பல் காரணம்.

துருக்கிக் கடற்படையின் 231 மீட்டர் நீளமுள்ள அனடோலு கப்பல், அமெரிக்காவின் எஃப்-35பி விமானத்தை மனத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டது. ரஷ்யாவிடம் எஸ்-400 வான்பாதுகாப்பு ஏவுகணைகளை வாங்கியதால் 2019 ஜூலையில் அமெரிக்கா துருக்கியை எஃப்-35 திட்டத்திலிருந்தே வெளியேற்றியது. கப்பல் இருக்கிறது, விமானம் இல்லை. அந்த இடத்துக்குத்தான் கிசிலெல்மா. கப்பலில் விமானத்தை உந்தித் தள்ளும் கவண் இயந்திரமும் கிடையாது. குறைந்த வேகத்திலேயே மேலே தூக்கும் விசை கிடைத்தால்தான் அந்தக் குட்டை ஓடுதளம் போதும். முன் இறக்கைகள் அந்த வேலையைச் செய்கின்றன.

இனி மூளை. தொலைவிலுள்ள விமானத்தோடு பேச, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போக வேண்டும். ஒளி வேகத்தில் போனாலும் கட்டளை போய்ச்சேரக் கால் நொடி, பதில் திரும்பக் கால் நொடி. படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் இன்னும் கொஞ்சம் நேரம். சாலையில் போகும் வண்டியைக் குறிபார்க்க இந்தத் தாமதம் பொறுத்துக்கொள்ளக்கூடியது. வானில் நேருக்கு நேர் சண்டையில் அரை நொடிக்குள் எதிரி விமானம் நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால் திரும்புவது, விலகுவது போன்றவற்றை ட்ரோன் தானே தீர்மானித்தாக வேண்டும். செய்தித்தாள்கள் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று கொண்டாடுவது இதைத்தான். கொண்டாடட்டும். நிரலை வாராவாரம் திருத்தலாம், எஞ்சினை அப்படித் திருத்த முடியாது.

கிசிலெல்மாவை முதலில் பறக்கவைத்தது உக்ரைனின் ஏஐ-25 வகை எஞ்சின். அறுபதுகளில் யாக்-40 பயணிகள் விமானத்துக்காக வடிவமைத்த குடும்பம் அது. அடுத்த கட்டத்துக்கான ஏஐ-322எஃப் எஞ்சினும் உக்ரைன் சரக்குதான். இரண்டுக்கும் தாய்வீடு ஸபோரீஷியா, ரஷ்ய ஏவுகணைகள் விழுந்துகொண்டிருக்கும் நகரம். துருக்கி தன் சொந்த டிஎஃப்6000 எஞ்சினைச் சோதனை மேடையில் ஓட்டத் தொடங்கியதே 2024-ல்தான்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? நவீனப் போர் விமானத்தின் டர்பைன் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதன் மேல் பாயும் வாயுவின் சூடு 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தகடு செய்த நிக்கல் கலவையோ அதற்கு முன்பே உருகிவிடும். உருகாமலிருக்க, தகட்டின் உடல் முழுக்க மயிரிழை போன்ற துளைகளைப் போட்டு, உள்ளே ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். அந்தக் காற்று தகட்டைப் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும்போது பிய்ந்துபோகாமலிருக்க, தகடு முழுவதையும் ஒரே படிகமாக வார்க்க வேண்டும். இந்த வித்தை கைவந்த நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். அவை அதை எளிதில் விற்பதும் இல்லை.

நம் கதையும் இங்கேதான் நிற்கிறது. 2022 ஜூலை 1 அன்று இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஸ்விஃப்ட் என்ற வாலில்லா ஜெட் ட்ரோன், கர்நாடகத்தின் சித்ரதுர்காவில் தானே ஏறித் தானே இறங்கியது. நிரல் அருமையாக வேலை செய்தது, எஞ்சின் ரஷ்யாவுடையது. இதன் அண்ணனாக வரவிருக்கும் ‘காதக்’ போர் ட்ரோனுக்கு, கூடுதல் உந்துவிசைக்கான ஆஃப்டர்பர்னர் நீக்கிய, இந்தியாவின் காவேரி எஞ்சின் என்பது திட்டம். தேஜஸ் போர் விமானத்துக்கு வலுப் போதவில்லை என்று ஒதுக்கப்பட்ட அதே காவேரி. வானில் குட்டிக்கரணம் போடாமல், ஒளிந்துபோய்க் குண்டு போட்டுத் திரும்பும் ட்ரோனுக்குச் சுமார் 5 டன் உந்துவிசை போதும் என்பது நியாயமான கணக்கு. என் பார்வையில், காவேரிக்கு வாய்த்த கடைசி நல்ல வாய்ப்பும் இதுவே.

காவேரித் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது 1989-ல். ரஷ்யாவில் ஒரு சரக்கு விமானத்தின் இறக்கையில் மாட்டிப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். இன்றுவரை எந்தப் போர் விமானத்தையும் அது தூக்கிப் பறந்ததில்லை.