கிணற்றைக் காக்கும் செப்டிக் டேங்க்: அமைப்பு, பழுது, பராமரிப்பு

வாலாஜாபேட்டை, இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் கிணற்று நீர் கெட்டுவிட்டது என்றால், எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தோல் பதனிடும் தொழிற்சாலைகளே. இதற்குத் தக்க காரணம் உண்டு. தோல் கழிவினால் பாலாற்றுப் படுகையிலுள்ள நிலமும் நீரும் கெட்டமை குறித்து உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. இதே சிக்கலில் 2025 சனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்க வேண்டியதாயிற்று. இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது.

இத்தீங்கைத் தனியொரு உழவரால் தடுத்துவிட இயலாது. ஆனால் கிணற்றைக் கெடுக்கும் மற்றொரு காரணம் நம் வீட்டுப் புறக்கடையிலேயே இருக்கிறது. அது சரியாக அமைக்கப்படாத கழிவறைக் குழி. உப்பும் குரோமியமும் எட்டாத நல்ல கிணறு இன்னும் உங்களிடம் இருக்குமானால், அதைக் காப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் உள்ளது. அதற்கான முறைகளை இங்கே காண்போம்.

உறைக்குழி செப்டிக் டேங்க் ஆகாது

நம் சிற்றூர்களில் ஐந்தாறு சிமெண்ட் உறைகளைக் குழியில் இறக்கி, மேலே மூடி போட்டு, அதையே செப்டிக் டேங்க் என்று சொல்லிவிடுகின்றனர். இக்குழிக்கு அடித்தளம் இல்லை. கழிவறை நீர் தெளியாமலே நேராக மண்ணுக்குள் இறங்குகிறது. ‘பத்து ஆண்டாகியும் எங்கள் குழி நிரம்பவேயில்லை’ என்று சிலர் பெருமையாகக் கூறுவதுண்டு. நிரம்பாத குழியின் கழிவு நிலத்தடி நீரோடு கலந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

உண்மையான செப்டிக் டேங்க், நீர் கசியாத தொட்டியாகும். கழிவு இத்தொட்டியில் ஒரு நாளைக்குக் குறையாமல் தங்கும்போது, கனமான பகுதி கசடாக அடியில் படிகிறது. எண்ணெய்ப் பசையும் இலேசான பொருள்களும் ஏடாக மேலே மிதக்கின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடைச் சிதைக்கின்றன. இடையிலுள்ள தெளிநீர் மட்டுமே வெளியேறி, உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்குகிறது. இங்கிலாந்து நாட்டு எக்ஸிட்டர் நகரில் டொனால்டு கேமரான் என்பவர் 1895இல் அமைத்த தொட்டிக்கு வைத்த பெயரே இன்று உலகெங்கும் வழங்குகிறது.

வெளிவரும் நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் தூய நீர் அன்று. நோய்க் கிருமிகளும் தழைச்சத்தும் அதில் உள்ளன. இவற்றை வடிகட்டும் வேலை மண்ணுடையது. ஆதலால் தொட்டியும் மண்ணும் சேர்ந்தே ஓர் அமைப்பு என்று கொள்ள வேண்டும்.

வறண்ட நிலத்தில் கூடுதல் கவனம் ஏன்?

வெயில் மிகுந்த நம் பகுதியில் தொட்டிக்குள் கழிவு விரைவில் சிதைகிறது. இது நன்மையே. ஆனால் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. நிலத்தடி நீர் புதிய நீரால் அடிக்கடி நீர்த்துப்போவதில்லை. ஒருமுறை இறங்கிய நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சேருகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. மிகுந்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவை ஏற்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைட்ரேட் போகாது.

ஆற்றோர மணற்பாங்கான நிலத்தில் கழிவுநீர் மிக விரைவாக இறங்கிவிடுவதால் மண் வடிகட்டும் வேலை சரியாக நடைபெறுவதில்லை. ‘எங்கள் நிலம் நன்றாக உறிஞ்சுகிறது’ என்பது இங்கே குறையே ஆகும்.

இடம் தெரிவு செய்தல்

1. உறிஞ்சுகுழி, குடிநீர்க் கிணறு அல்லது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 60 அடிக்குக் (18 மீட்டர்) குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

2. வீட்டுச் சுவரிலிருந்து உறிஞ்சுகுழி 20 அடி தள்ளி இருத்தல் நலம்.

3. நிலச் சரிவில் கிணறு மேட்டிலும் குழி பள்ளத்திலும் இருக்க வேண்டும்.

4. உறிஞ்சுகுழியின் அடிமட்டத்திற்கும் நிலத்தடி நீர்மட்டத்திற்கும் இடையே குறைந்தது 6½ அடி (2 மீட்டர்) உலர்ந்த மண் இருக்க வேண்டும்.

நான்காவது விதியில்தான் பலர் தவறுகின்றனர். சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும்போது குழி தோண்டுவது எளிது. ஆனால் ஆழத்தை அப்போதைய மட்டத்தைக் கொண்டு முடிவு செய்யலாகாது. கார்த்திகை, மார்கழியில் கிணற்றில் நீர் எதுவரை ஏறுகிறது என்பதே கணக்கு. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை நினைவில் கொள்க. அத்தகைய ஆண்டில் கோடையில் உலர்ந்திருந்த குழியின் அடி, நீருக்குள் மூழ்கிவிடும்.

மண்ணைச் சோதித்தல்

உறிஞ்சுகுழி வரவிருக்கும் இடத்தில் ஓர் அடிச் சதுரத்தில் 3 அடி ஆழக் குழி எடுத்து, அடியில் 2 அங்குலம் சரளை பரப்பி, நீர் நிரப்பி ஓர் இரவு ஊற விடவும். மறுநாள் காலை சரளைக்கு மேல் 6 அங்குலம் நீர் நிற்குமாறு ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கவும்.

30 நிமிடத்திற்குள் இறங்கினால் உறிஞ்சுகுழி பொருந்தும். 30 முதல் 60 நிமிடம் ஆனால், ஆழமில்லாத நீண்ட உறிஞ்சு வாய்க்கால் வெட்டிச் சரளை நிரப்புவது நல்லது. 60 நிமிடத்திற்கு மேல் ஆகும் களிமண் நிலத்தில் இவ்விரண்டும் பயன்படா. பொறியாளரைக் கலந்து வேறு முறையை மேற்கொள்க. ஊற்றியவுடனே இறங்கிவிடும் மணல் நிலமானால், குழியின் அடியைக் களிமண் இட்டு மெழுகி, சுற்றிலும் 1½ அடி கனத்திற்கு நுண்மணல் நிரப்ப வேண்டும்.

தொட்டியின் அளவும் கட்டுமானமும்

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிப்படி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுக்கும் தொட்டிக்குரிய உள்ளளவுகள் வருமாறு:

5 பேர் வரை: நீளம் 5 அடி, அகலம் 2½ அடி, நீரின் ஆழம் 3¼ அடி.

10 பேர் வரை: நீளம் 6½ அடி, அகலம் 3 அடி, நீரின் ஆழம் 3¼ அடி.

நீர்மட்டத்திற்கு மேல் ஓர் அடி வெற்றிடம் விட வேண்டும். 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியை இரண்டு அறைகளாகப் பிரித்து, முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கு இடம் கொடுக்கவும்.

கட்டும்போது கொத்தனாருடன் இருந்து கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்:

1. அடித்தளம் கான்கிரீட்டாக இருத்தல் வேண்டும். 9 அங்குலச் செங்கல் சுவரை உள்ளும் புறமும் 1:3 சிமெண்டுக் கலவையால் பூச வேண்டும்.

2. உள்வரும் குழாய், வெளியேறும் குழாயைவிட 2 முதல் 3 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும்.

3. இரு முனைகளிலும் ‘டீ’ குழாய் பொருத்த வேண்டும். இது இல்லையேல் மிதக்கும் ஏடு வெளியேறி உறிஞ்சுகுழியை அடைத்துவிடும். சில ரூபாய் மிச்சம் பிடிக்க இதை விடுவதே பல குழிகள் கெடுவதற்குக் காரணம்.

4. காற்றுக்குழாய் 2 அங்குல விட்டத்திற்குக் குறையாமல், வீட்டுக் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். வாயில் கொசுவலை கட்டவும்.

5. மூடியை மண்ணுக்குள் புதைத்துவிடாமல், திறக்கத்தக்க வகையில் அமைக்கவும்.

கட்டி முடித்ததும் வெளியேறும் குழாய் மட்டம் வரை நீர் நிரப்பி ஒரு நாள் விட்டுப் பார்க்கவும். மட்டம் இறங்கினால் பூச்சில் கசிவு உண்டு. அதைச் சரிசெய்த பின்னரே மண் தள்ள வேண்டும். பயன்படுத்தத் தொடங்கும்போது ஒரு வாளி மக்கிய சாணக் கரைசலை ஊற்றினால் போதும். பிறகு எந்தப் பொடியும் மருந்தும் தேவையில்லை.

பழைய உறைக்குழியை என்ன செய்வது?

இடித்துவிட வேண்டியதில்லை. கழிவறைக்கும் பழைய குழிக்கும் இடையே நீர் கசியாத தொட்டி ஒன்றைக் கட்டுங்கள். பழைய குழியின் கசடை லாரி மூலம் எடுத்துவிட்டு, அதை உறிஞ்சுகுழியாகப் பயன்படுத்தலாம். ஆனால் கிணற்றிலிருந்து 60 அடி தூரமும், நீர்மட்டத்திற்கு மேல் 6½ அடி இடைவெளியும் அக்குழிக்கு இருக்க வேண்டும். ஆழம் மிகுந்திருந்தால் அடியில் நுண்மணல் நிரப்பி உயர்த்தலாம். கிணற்றுக்கு மிக அருகில் இருந்தால் கைவிடுவதே நலம்.

பழுதுகளைக் கண்டறிதல்

மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விட்டு, எட்ட நின்று பாருங்கள். தீக்குச்சியோ பீடியோ அருகில் கொண்டு செல்லலாகாது.

நீர்மட்டம் வெளியேறும் குழாய்க்கு மேலே ஏறி நின்றால், உறிஞ்சுகுழியோ குழாயோ அடைபட்டுள்ளது. மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கியிருந்தால் தொட்டியில் வெடிப்பு உள்ளது. மழைக்காலத்தில் மட்டும் நீர் எதிர்த்து வந்தால் குழியின் ஆழம் மிகுதி. நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீட்டில் நாற்றம் வந்தால், கழிவறைக் கோப்பையின் வளைவிலுள்ள நீர் வெயிலில் வற்றியிருக்கும். ஒரு வாளி நீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

தொட்டிக்குள் சேரக் கூடாதவை

ஆசிட், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை மிகுதியாக ஊற்றினால் நுண்ணுயிர்கள் இறந்து தொட்டி வேலை செய்யாது. வீட்டிலிருந்தே காலணி மேல்தோல் தைப்போரும் தோல் வேலை செய்வோரும் சாயம், பசை, தின்னர் ஆகியவற்றைக் கழிவறையில் கொட்டலாகாது. துணி, பிளாஸ்டிக், சமையல் எண்ணெய் ஆகியவற்றையும் தவிர்க்கவும்.

குளியல் நீரையும் பாத்திரம் கழுவும் நீரையும் தனியே பிரித்து வாழை, தென்னை, கல்வாழைக்குப் பாய்ச்சலாம். தொட்டியின் சுமையும் குறையும். வறட்சியில் நீரும் மிச்சமாகும். சோப்பிலுள்ள சோடியம் மண்ணை இறுக்குமாதலால், ஒரே பாத்தியில் பாய்ச்சாமல் மாற்றி மாற்றி விடவும். பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கு வேண்டாம். அரசு, வேம்பு, முருங்கை ஆகியவற்றைத் தொட்டியருகில் நடலாகாது. வேர் நுழைந்து சுவரைப் பிளக்கும்.

கசடு எடுத்தல்: ஆளை இறக்காதீர்

கசடும் ஏடும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் எடுத்துவிட வேண்டும். நீண்ட கோலில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு எடுத்தால், கறுப்புக் கறை கசடின் உயரத்தைக் காட்டும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இது தேவைப்படும்.

எக்காரணம் கொண்டும் ஒருவரும் தொட்டிக்குள் இறங்கலாகாது. உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஓரிரு மூச்சில் மயக்கி வீழ்த்திவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கிய மகனும் அண்டை வீட்டாரும் அடுத்தடுத்து மாண்டுபோகும் செய்திகள் நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். இத்தகைய சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் ஆணையிட்டது. உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியையே அழையுங்கள்.

இலவச உரம் என்று ஏமாறாதீர்

நகரத்தில் கசடு எடுத்த லாரியை ‘உரம்தானே’ என்று வயலில் கொட்ட இடம் கொடுக்கும் வழக்கம் சில ஊர்களில் உள்ளது. மக்காத கசடில் குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நம் வட்டாரத்திலோ, அந்த லாரி எங்கெங்கே நிரப்பி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தோல் சாயமும் குரோமியமும் கலந்திருந்தால் நிலம் கெடும். கெட்ட நிலத்தை மீட்பது அரிது. லாரிக் கசடு சுத்திகரிப்பு நிலையத்திற்கே போக வேண்டும்.

ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை

பங்குனி, சித்திரையில் மூடியைத் திறந்து நீர்மட்டமும் கசடும் பார்க்கவும். கசடு எடுக்கவும் சுவர் பூசவும் இதுவே ஏற்ற காலம். ஐப்பசிக்கு முன் மழைநீர் தொட்டிக்குள் இறங்காதவாறு சுற்றிலும் மண் அணைத்து உயர்த்தவும். மார்கழியில் கிணற்று நீர்மட்டத்தை அளந்து சுவரில் குறித்து வைக்கவும். அப்போதே குடிநீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து, உப்பு, நைட்ரேட், கிருமி ஆகிய மூன்றையும் சோதித்துக் கொள்ளவும். பாசன நீரின் தன்மை குறித்து விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை பெறலாம்.

இச்சோதனைக்கு மற்றொரு பயனும் உண்டு. நைட்ரேட்டும் கிருமியும் மிகுந்திருந்தால் முதலில் நம் குழியையும் எருக்குழியையும் வயலுக்கிட்ட உரத்தையும் பார்க்க வேண்டும். உப்பு மட்டும் ஆண்டுக்காண்டு ஏறினால் காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. அதற்கு நியாயம் கேட்கும்போது, ஆண்டுவாரியாக எழுதி வைத்த இக்கணக்கு உங்கள் கையில் சான்றாக இருக்கும்.