தொடுதலும் கருத்தரித்தலும்

18-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய விஞ்ஞானி லாஸரோ ஸ்பல்லான்ஸானி விந்தையானதொரு பரிசோதனையை நடத்தினார். ஆண் தவளைகளுக்குப் பட்டுத் துணியில் சிறு கால்சட்டைகளைத் தைத்து அணிவித்து, அவற்றைப் பெண் தவளைகளுடன் சேர விட்டார். அவை வழக்கம்போலவே தழுவின. பெண் தவளைகளும் முட்டையிட்டன. ஆனால் அம்முட்டைகளில் ஒன்றேனும் கருவுறவில்லை. கால்சட்டையில் தங்கிய திரவத் துளிகளை முட்டைகளின்மேல் இட்டபோதோ அவை கருவுற்றன. ஆணின் அண்மை மட்டும் போதாது. விந்து முட்டையைச் சேர வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

தவளையின் முட்டை உடலுக்கு வெளியே கருவுறுகிறது. மனித இனத்திலோ விந்தணு யோனி, கருப்பை வழியாகச் சென்று கருக்குழாயில் முட்டையைச் சந்திக்க வேண்டும். ஆகவே முத்தமிடுதல், தழுவுதல், உடையணிந்தவாறே நெருங்கியிருத்தல் ஆகியவற்றால் கரு உண்டாவதில்லை. வாய்வழிச் சேர்க்கையாலும் உண்டாவதில்லை. இரைப்பைக்கும் கருப்பைக்கும் வழியில்லை. கழிப்பறை இருக்கை, நீச்சல் குளம் முதலியவை பற்றிய அச்சமும் ஆதாரமற்றது. விந்து உலர்ந்ததும் அதிலுள்ள அணுக்கள் மடிகின்றன. நீரில் கலந்தாலும் அவை நெடுநேரம் பிழைப்பதில்லை.

எனினும் ஒரு விலக்கு உண்டு. உடலுறவு நிகழாவிடினும், ஈரமான விந்து யோனியின் வாயிலிலோ அதையொட்டியோ படுமாயின் கருத்தரிக்கக்கூடும். விந்து படிந்த விரலாலும் இது நேரலாம். விந்து வெளிப்படுமுன் கசியும் திரவத்திலும் சிலரிடம் உயிருள்ள அணுக்கள் காணப்பட்டுள்ளன. இவ்வாய்ப்பு மிகக் குறைவே. ஆனால் அறவே இல்லையென்று கூற முடியாது. கன்னிச் சவ்வு கிழியாதிருத்தலும் காப்பாகாது. மாதவிடாய் வெளியேறுவதற்கான துவாரம் அதில் இயல்பாகவே உள்ளது.

காலமும் கவனிக்கத்தக்கது. உடலினுள் விந்தணு ஏறத்தாழ 5 நாட்கள் வரை பிழைத்திருக்கும். வெளிப்பட்ட முட்டையின் ஆயுளோ 12 முதல் 24 மணி நேரமே. ஆதலால் முட்டை வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்னர் நிகழ்ந்த தொடர்பும் பலனளிக்கலாம்.

இத்தகைய தொடர்பு நேர்ந்திருப்பின், 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் அடங்கிய அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாக உட்கொள்ளலாம். விந்தே படாத இடத்து இம்மாத்திரை தேவையில்லை. மாதவிடாய் தள்ளிப்போவது கர்ப்பத்தால் மட்டுமன்று. மனக்கவலையாலும், மேற்கூறிய மாத்திரையாலுங்கூட நேரலாம். தொடர்பு நிகழ்ந்து 3 வாரங்கள் கழிந்தபின் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை ஐயத்தைத் தீர்த்துவிடும்.

இவ்விஷயத்தில் அறியாமை இருவகையில் தீங்கிழைக்கிறது. கர்ப்பமே இல்லாத பெண் அஞ்சி, உறக்கமிழந்து, பிறர் சொற்கேட்டுக் கண்ட மருந்துகளை உண்கிறாள். உண்மையிலேயே கருவுற்றவளோ, ‘ஒன்றும் நேராது’ என்றெண்ணி மருத்துவரை நாட வேண்டிய நாட்களைக் கழிய விடுகிறாள். இருவருக்கும் தேவைப்படுவது ஒன்றே: நாணமோ ஏச்சோ இன்றி, உரிய காலத்தில் எடுத்துரைக்கப்படும் உண்மை.