தற்காப்பு: உரிமையும் எல்லையும்

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து, பெங்களூர்த் தமிழர்கள் பட்ட பாட்டை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2016 செப்டம்பரிலும் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் இங்கே எரிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி ஒன்றே: வாசலுக்கு ஆபத்து வந்தால் எதுவரை எதிர்த்து நிற்கலாம்?

இதற்குச் சட்டம் தெளிவாக விடை சொல்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ளன. நம் உடலையும் உடைமையையும் மட்டுமல்ல, பிறருடையதையும் காக்க நமக்கு உரிமை உண்டு. அண்டை வீட்டாருக்காகவும் தடுக்கலாம்.

ஆனால் எல்லைகள் உண்டு. முதலாவது, போலீசை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. இரண்டாவது, தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. மூன்றாவது, ஆபத்து நீங்கியதும் உரிமையும் முடிகிறது. ஓடுகிறவனைத் துரத்தி அடிப்பது தற்காப்பு அல்ல, பழிவாங்கல்.

உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போக, கொலை, கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, ஆள்கடத்தல், அமிலவீச்சு போன்ற ஆபத்து நேரில் நிற்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பதும் இவ்வகையே. வெறும் வண்டியை எரிக்கிறார்கள், ஆள் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் அவ்வளவு தூரம் போக முடியாது.

பதற்றத்தில் இருப்பவர் தம் அடியைத் தராசில் நிறுத்துக் கொடுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் தற்காப்பே என்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

மிரட்டலும் குற்றமே. "வீட்டைக் கொளுத்துவேன்" என்று மிரட்டினால் 351-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. கோபத்தில் நாமும் அப்படியே திருப்பிச் சொன்னால் அதே பிரிவு நம் மேலும் பாயும். எனவே, தொலைபேசியில் மிரட்டல் வந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு, எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

வாசலில் கூட்டம் சேர்ந்தால் முதலில் கதவைத் தாழிட்டு 112-ஐ அழையுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். பல தலைமுறைகளாக அண்டை அயலாருடன் சேர்ந்து வாழ்ந்த ஊர் இது. வேகத்தில் ஓங்கிய ஒரு கை, நாளைக்கும் அவர்களோடுதான் வாழவேண்டும் என்பதை மறக்கக்கூடாது.