பாடசாலை யாருக்குரியது?

ஒரு நாட்டின் கல்விமுறையை ஆராய்வோர் முதற்கண் எழுப்பவேண்டிய வினாக்கள் இரண்டு. பாடசாலையின் செலவை ஏற்போர் யாவர்? அதனை நடத்துவோர் யாவர்? இவற்றிற்கு இங்கிலாந்து, இந்தியா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் வெவ்வேறு விடை கண்டன.

இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பொதுப்பணத்தால் நடைபெறும் இடைநிலைப் பாடசாலைகளிற் கட்டணத்தை ஒழித்தது. எனினும் திருச்சபைகளின் பாடசாலைகளை அது பறித்திலது. கட்டடத் திருத்தச் செலவிற் பாதியை ஏற்ற சபைகளுக்குச் சமயபாடத்திலும் ஆசிரியர் நியமனத்திலும் உரிமை நிலைத்தது. ஏற்க இயலாத சபைகளின் பாடசாலைகளில் முழுச்செலவும் உள்ளூராட்சியைச் சார, சபையின் உரிமை குறைந்தது. பொறுப்பின் அளவே உரிமையின் அளவு என்பது அச்சட்டத்தின் நியாயம்.

இந்திய அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டிலேயே, சமய, மொழிச் சிறுபான்மையினர் தம் கல்விநிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை 30ஆம் உறுப்புரையால் உறுதிசெய்தது. ஆயின் 14 வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுள் வழங்க முயல்வதென்னும் அதன் நோக்கம் உரிய காலத்தில் நிறைவேறவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தபின்னரே அது முழுச் சட்டவலிமை பெற்றது.

இலங்கையோ செலவுபற்றிய வினாவிற்கு விரைந்து விடைகண்டது. கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால், பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரையிலான இலவசக் கல்வித்திட்டம் 1945 ஒக்டோபர் 1ஆந் தேதி தொடங்கியது. பின்னர் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால், அரசாங்க நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, பரி. யோவான் கல்லூரி முதலிய சில நன்கொடையைத் துறந்து தனித்து நின்றன. அவையும் கட்டணம் அறவிடுதல் தடுக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தார்க்கு இம்மாற்றம் சிறிதன்று. ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியது முதல், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பணி ஈறாக, ஊரவர் ஈந்த நிலமும் பொருளும் உழைப்புமே பல பாடசாலைகளாயின. சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாது கல்விபெறவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். அரசாங்கம் பொறுப்பேற்றதனால் ஆசிரியர் வேதனம் முகாமையாளரின் வருவாயை நம்பியிராதாயிற்று. ஏழைப் பிள்ளைக்குங் கல்வி உறுதியாயிற்று. ஆனால் ஆசிரியரைத் தெரியும் உரிமை ஊரைவிட்டு நீங்கியது. இன்றும் பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்திற்கும் நூலகத்திற்கும் பொருள் வழங்குகின்றன. நிருவாகமோ அவற்றின் கையிலில்லை.

இலவசக் கல்வி கைவிடத்தக்கதன்று. ஆயினும் செலவை அரசாங்கம் ஏற்பதும் நிருவாகம் முழுவதையும் அதுவே கொள்வதும் ஒன்றல்ல என்பதை ஏனை இரு நாடுகளும் காட்டுகின்றன. ஊரவரிடம் பொருளைப் பெறும் பாடசாலை, அவர்தம் அறிவுரைக்கும் இடமளித்தல் முறையாகும்.