புளோரிடா கீஸ் டார்பன் மீன்பிடிப்பு

புளோரிடா கீஸ் டார்பன் மீன்பிடிப்பு என்பது, வழிகாட்டி ஒருவர் செலுத்தும் சிறு படகில் சென்று, ஆழம் குறைந்த கடற்பரப்பில் நீந்தும் டார்பன் மீனைக் கண்ணால் கண்டு, தூண்டிலிட்டுப் பிடித்து, மீண்டும் கடலிலேயே விட்டுவிடும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பு ஆகும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தென்கோடியில் உள்ள புளோரிடா கீஸ் தீவுத்தொடர் இதற்குப் பெயர் பெற்றது. ஐலமொராடா, கீ வெஸ்ட் ஆகிய ஊர்கள் இதன் முக்கிய மையங்கள்.

மீனின் இயல்பு

அட்லாண்டிக் டார்பன் (மெகலோப்ஸ் அட்லாண்டிகஸ்) 2 மீட்டருக்கும் அதிக நீளமும் 100 கிலோவுக்கும் அதிக எடையும் அடையக்கூடியது. பெரிய, பளபளக்கும் செதில்களால் 'வெள்ளி அரசன்' என்ற பட்டப்பெயர் பெற்றது. இதன் காற்றுப்பை நுரையீரல் போலவும் செயல்படுகிறது. அதனால் அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து, உடலைப் புரட்டிக் காற்றை விழுங்கிச் செல்லும். ஆக்சிஜன் குறைந்த நீரிலும் இதனால் வாழ முடிகிறது.

இம்மீன் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. இனப்பெருக்க வயதை எட்டவே ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாய்ப்பு இனமாக வகைப்படுத்தியுள்ளது. இதன் நெருங்கிய உறவான, உருவில் சிறிய இந்தோ-பசிபிக் டார்பன் இந்திய, இலங்கைக் கடலோரங்களில் காணப்படுகிறது.

பருவமும் படகும்

ஏப்ரல் முதல் ஜூன் வரை பெரிய டார்பன்கள் கூட்டமாகக் கீஸ் தீவுகளை ஒட்டி இடம்பெயர்கின்றன. இதுவே முக்கியப் பருவம். கடல் ஏற்ற வற்றத்தைப் பொறுத்து மீன்கள் செல்லும் தடம் மாறும். எந்த நேரத்தில் எந்தத் திட்டின் ஓரமாக அவை வரும் என்பதை அறிந்திருப்பதே வழிகாட்டியின் முதல் திறமை. கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்ல, அவர் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

இதற்கான படகு மிகக் குறைந்த ஆழத்திலும் மிதக்கும். மீன் இருக்கும் இடத்தை நெருங்கியதும் எஞ்சின் நிறுத்தப்படும். எஞ்சினுக்கு மேலே உள்ள சிறு மேடையில் வழிகாட்டி ஏறி நின்று, சுமார் 6 மீட்டர் நீளமுள்ள தள்ளுகோலை ஊன்றிப் படகைச் செலுத்துவார். இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. எஞ்சின் ஓசை மீனை விரட்டிவிடும். சுழலும் விசிறி கடற்புல்லை வேரோடு அறுத்துவிடும். அறுபட்ட தடத்தில் புல் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகலாம். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட புளோரிடா விரிகுடாவின் சில பகுதிகளில், எரிபொருள் எஞ்சினை இயக்கவே தடை உள்ளது.

ஒரு நாளின் போக்கு

விடியற்காலையில், காற்று விழுங்க மேலே வரும் மீன்களின் அசைவைக் கொண்டு கூட்டத்தை அறிவர். வெயில் ஏறியபின் நீருக்குள் நகரும் கரிய நிழல்களைத் தேடுவர். நீர்ப்பரப்பின் கூச்சத்தைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி இதற்கு இன்றியமையாதது. மேகமும் பலத்த காற்றும் இருந்தால் மீன் கண்ணில் படாது. பல மணி நேரம் காத்திருந்து ஒரு மீனும் சிக்காமல் திரும்பும் நாள்களும் உண்டு.

தூண்டிலிடுபவர் படகின் முன்முனையில் நிற்பார். உயரத்தில் நிற்கும் வழிகாட்டி மீனை முதலில் கண்டு, கடிகார முறையில் திசை சொல்வார். முன்முனை 12 மணி, வலப்பக்கம் 3 மணி, இடப்பக்கம் 9 மணி. "11 மணி, 60 அடி" என்றால் சற்றே இடப்புறமாக, அந்தத் தொலைவில் மீன் வருகிறது என்று பொருள்.

இறகு, நார் ஆகியவற்றால் கட்டிய போலி இரையை மீனின் தலைக்கு முன்னே, அது வரும் வழியில் போட வேண்டும். பிறகு அந்த இரை மீனிடமிருந்து விலகி ஓடுவதுபோல் இழுக்க வேண்டும். சிறிய உயிரினம் தன்னைத் தின்ன வரும் மீனை நோக்கி நீந்தாது. இரை தன்னை நோக்கி வந்தால் டார்பன் மிரண்டு விலகிவிடும்.

டார்பனின் வாய் எலும்புபோல் கடினமானது. ஆகவே, இரையைக் கவ்வியதும் தூண்டிற்கோலை உயர்த்தாமல், தூண்டில் நரம்பைக் கையால் நேராக இழுத்து முள்ளைப் பதிய வைப்பர். சிக்கிய மீன் நீருக்கு மேலே பலமுறை துள்ளும். அப்போது கோலை மீனை நோக்கித் தாழ்த்தி நரம்பைத் தளர்த்தாவிட்டால் நரம்பு அறும் அல்லது முள் கழன்றுவிடும். இச்செயலை 'அரசனுக்குத் தலைவணங்குதல்' என்பர்.

விடுவித்தலும் சட்டமும்

2013 முதல் புளோரிடா மாநிலத்தில் டார்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். சாதனைப் பதிவுக்கு முயல்வோர் மட்டும் தனி அனுமதிச்சீட்டு பெற்று, ஆண்டுக்கு ஒரு மீனை வைத்துக்கொள்ளலாம். 40 அங்குலத்துக்கு மேற்பட்ட மீனை, சாதனை முயற்சிக்காக அன்றி, நீரைவிட்டு வெளியே தூக்கக் கூடாது. படம் எடுப்பதாக இருந்தாலும் மீன் நீரிலேயே இருக்க வேண்டும்.

ஆயினும் சட்டப்படி விடப்பட்ட மீன் அனைத்தும் பிழைப்பதில்லை. நெடுநேரம் போராடிக் களைத்த மீனைக் கொம்பன் சுறாவும் காளைச் சுறாவும் எளிதில் பிடித்துவிடும். அதனால் பொறுப்பான வழிகாட்டிகள் போராட்டத்தை விரைவாக முடிக்கச் சொல்வர். சுறா நெருங்கினால் நரம்பை அறுத்து மீனை விட்டுவிடுவர். களைத்த மீனைத் தாடையில் பிடித்து, செவுள்களில் நீர் பாயுமாறு தாங்கி, அது தானாக நீந்தத் தொடங்கிய பின்னரே கையை விடுவர்.

பெரிய டார்பன்களில் பெரும்பாலானவை பெண் மீன்கள். அவற்றில் ஒன்று இறந்தால், பல பத்தாண்டுகளாக வளர்ந்த மீனோடு அது இன்னும் இடவிருந்த முட்டைகளும் இழக்கப்படுகின்றன. படகின் அருகே கழியும் கடைசிச் சில நிமிடங்களில் வழிகாட்டியும் தூண்டிலிடுபவரும் நடந்துகொள்ளும் முறை, அம்மீன் பிழைப்பதற்கான வாய்ப்பைப் பெரிதும் பாதிக்கிறது.