வீட்டுக் கணினியில் நிறுவனத்தின் இரகசியம்

வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்கிறது நிறுவனம். ஆனால், மென்பொருளின் மூல நிரலைத் திறக்கப் போனால் மட்டும் பல கட்டுப்பாடுகள். சொந்தக் கணினி கூடாது. நிரலை நகலெடுக்கக் கூடாது. நிறுவனம் அமைத்துத் தந்த இணைப்பு வழியாகத்தான் நுழைய வேண்டும். "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று ஊழியர்கள் கேட்பதில் வியப்பில்லை. உண்மையில் இது நம்பிக்கை பற்றிய பிரச்சினைதானா?

மூல நிரல் என்பது ஒரு வீட்டின் வரைபடம் போன்றது. சில வேளைகளில் அந்த வரைபடத்தோடு வீட்டுச் சாவியும் சேர்ந்தே கிடக்கும். அவசரத்தில் கடவுச்சொற்களை நிரலுக்குள்ளேயே எழுதிவிடும் பழக்கம் இத்துறையில் உண்டு.

மக்களின் கடவுச்சொற்களைக் காப்பதையே தொழிலாகக் கொண்ட அமெரிக்க நிறுவனம் லாஸ்ட்பாஸ். அதற்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில், பொறியாளர் ஒருவரின் அலுவலக மடிக்கணினி வழியே புகுந்த கள்வர்கள், 200 நிரல் களஞ்சியங்களில் 14-இல் இருந்தவற்றைக் கவர்ந்தனர். அதோடு நிற்கவில்லை. வாடிக்கையாளர் தரவு நகல்களைத் திறக்கும் சாவிகள் 4 பொறியாளர்களுக்கு மட்டுமே எட்டும்படி இருந்தன. அவர்களில் ஒருவரின் வீட்டுக் கணினியில், படமும் பாட்டும் இயக்கும் மென்பொருளில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியே நுழைந்து, அவர் தட்டிய முதன்மைக் கடவுச்சொல்லைப் பிடித்துக் கொண்டனர். அவர் இரண்டு கட்டச் சரிபார்ப்பை முறையாகவே செய்தார். கணினியே கள்வர் கையில் இருந்ததால் அது உதவவில்லை. முடிவில், வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் பெட்டக நகல்களும் பறிபோயின.

அந்தப் பொறியாளர் துரோகம் செய்யவில்லை; அவருடைய கணினிதான் காட்டிக் கொடுத்தது. கட்டுப்பாடுகளின் காரணம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் கணினியில், யார் எதை நிறுவினார்கள் என்பது நிறுவனத்துக்குத் தெரியாது. எனவேதான் வேலைக்கென்றே தனி மடிக்கணினி. ஒவ்வொருவருக்கும் அவர் பணிக்குத் தேவையான நிரல் மட்டும். சில நிறுவனங்களில் நிரல் வீட்டுக்கே வராது. அது நிறுவனச் சேவையகத்திலேயே இருக்க, வீட்டுத் திரையில் காட்சி மட்டும் தெரியும்.

ஆனால், தடை போடுவதோடு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடாது. நல்ல மடிக்கணினியும் தாமதமில்லாத இணைப்பும் தராமல் விதிகளை மட்டும் நீட்டினால், வேலையை முடிக்க வேண்டிய ஊழியர் நிரலைத் தம் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக் கொள்வார். முன்வாசலைப் பூட்டிய நிறுவனமே பின்வாசலைத் திறந்துவிட்டதாக ஆகும். விதியோடு வசதியும் சேர்ந்து வந்தால்தான் பாதுகாப்பு நிலைக்கும்.