ஜுரம் தணிந்த பிறகு

கொரோனா என்றால் ஜுரமும் இருமலுந்தான்; இரண்டும் நீங்கினால் வியாதி தீர்ந்தது என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் 2020-ம் வருஷத்தில் உலகையே கலக்கிய அந்நோய், சுவாசப்பையோடு நிற்பதன்று. இருதயத்தையும் தாக்க வல்லது.

இந்நோய்க் கிருமி நம் உடலின் அணுக்கள்மீதுள்ள 'ஏஸ்-2' என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே புகுகிறது. அப்புரதம் சுவாசப்பையில் மாத்திரமின்றி, இருதயத்திலும் ரத்தக் குழாய்களிலும் உண்டு. கிருமியோடு உடல் நடத்தும் போராட்டத்தில் குழாய்களின் உட்புறச் சவ்வு அழற்சியடைகிறது. ரத்தம் எளிதில் உறைகிறது. உறைந்த கட்டி இருதயக் குழாயை அடைத்தால் மாரடைப்பு. மூளைக் குழாயை அடைத்தால் பக்கவாதம். சிலருக்கு இருதயத் தசையே அழற்சியுறுவதும் உண்டு.

அமெரிக்காவில், கொரோனா கண்ட முன்னாள் போர்வீரர் 1,53,760 பேருடைய வைத்தியக் குறிப்புகளை ஆராய்ந்து, 2022-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய் கண்ட ஓராண்டுக்குள், நோய் காணாதவர்களைவிட அவர்களுக்கு மாரடைப்பின் அபாயம் 63 சதவீதமும், பக்கவாதத்தின் அபாயம் 52 சதவீதமும் அதிகமாயிருந்தன. ஆஸ்பத்திரிக்கே போகாமல் குணமடைந்தவர்களுக்கும் இருதய நோய் அபாயம் ஓரளவு கூடியேயிருந்தது.

நம் நாட்டிலோ, இளைஞர் ஒருவர் திடீரென்று மாண்டார் எனக் கேட்டதும், "எல்லாம் தடுப்பூசியின் வினை" என்று திண்ணையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலார் 47 ஆஸ்பத்திரிகளின் வாயிலாக, 18 முதல் 45 வயதுக்குள் காரணம் விளங்காமல் திடீரென இறந்த 729 பேரைப் பற்றி விசாரித்தார்கள். 2023-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு, திண்ணைத் தீர்ப்புக்கு நேர்மாறானது. தடுப்பூசி அபாயத்தை அதிகரிக்கவில்லை. இரண்டு முறை போட்டுக்கொண்டோருக்கு அபாயம் குறைந்தேயிருந்தது. கொரோனாவால் முன்பு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள், குடும்பத்தில் திடீர் மரணம் நேர்ந்தவர்கள், முந்திய இரண்டு தினங்களுக்குள் மிதமிஞ்சிக் குடித்தவர்கள் அல்லது மிகக் கடுமையான தேகப்பயிற்சி செய்தவர்கள் ஆகியோருக்கே அபாயம் மிகுதி. ஊசியை வைதவர்கள் பகைவனை விட்டு நண்பனை அடித்தவர்களானார்கள்!

ஆதலின் நேயர்கள் செய்யவேண்டுவது யாது? நோய் தெளிந்தபின் மாடியேறும்போது மூச்சு வாங்கினாலோ, மார்பு இறுகினாலோ, காரணமின்றிப் படபடத்தாலோ, கால் வீங்கினாலோ உடனே வைத்தியரை நாடவேண்டும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக் கட்டுக்குள் வைக்கவேண்டும். புகையிலையை விட்டொழிக்கவேண்டும். தேகப்பயிற்சியைச் சிறுகச் சிறுகவே கூட்டவேண்டும்.

முக்கியமாக, நம் இல்லத்துப் பெண்மணிகள் மார்பு வலியையும் "வெறும் அலுப்பு" என்று சொல்லி, அடுப்பங்கரையிலேயே மறைத்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும்வரை காத்திராமல், நாமே கேட்டறிந்து அழைத்துச் செல்வது நம் கடமையாகும். வீட்டைத் தாங்குவோரின் இருதயம் நலமாயிருந்தாலன்றி, தேசம் நலமாயிருப்பது ஏது?